‘பாபிலோன்’ (2022): யானை, மைக், கேமரா கூண்டு – மூன்று மணி நேரம் தேவைதானா?

(இணைய மன்ற இழை. ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மூன்றாம் ரீல்

டேமியன் ஷசெல் இயக்கிய ‘பாபிலோன்’ படத்தை இப்போதுதான் ஒரே அமர்வில் பார்த்தேன். கதையை முழுவதும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

படத்தின் நீளம் 189 நிமிடம். 2022 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில் வெளியானது. சுமார் 8 கோடி டாலர் செலவழித்து உலகம் முழுவதும் சுமார் 6.3 கோடி டாலர்தான் திரும்ப வந்தது. அதில் திரையரங்குகளின் பங்கு போக, படத்தை வெளியிட்ட பாரமவுண்ட் ஸ்டுடியோவின் கைக்கு எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். ஜஸ்டின் ஹர்விட்ஸின் இசைக்கு கோல்டன் குளோப் கிடைத்தது. இசை, கலை இயக்கம், உடையலங்காரம் ஆகிய மூன்று பிரிவுகளில் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு வெறுங்கையோடு திரும்பியது.

கதை 1926இல் தொடங்குகிறது. பெல் ஏர் மலைமேல் ஒரு தயாரிப்பாளரின் மாளிகை. அங்கே நடக்கும் விருந்துக்கு ஒரு யானையை லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறான் மெக்சிகோக்காரன் மேனி. யானை அவர்கள்மேல் கழிவதில்தான் படமே தொடங்குகிறது. இயக்குநர் என்ன எண்ணத்தில் இருக்கிறார் என்பது அங்கேயே புரிந்துவிடும். பிறகு மேனி, நட்சத்திரமாகியே தீருவேன் என்று அழைப்பில்லாமல் உள்ளே நுழையும் நெல்லி (மார்கோ ராபி), ஊமைப்படங்களின் பெரிய நாயகன் ஜாக் கான்ராட் (பிராட் பிட்), டிரம்பெட் கலைஞர் சிட்னி பால்மர், வசன அட்டை எழுதும் லேடி ஃபே சூ என்று ஒவ்வொருவராக வருகிறார்கள். சுமார் அரை மணி நேரம் கழித்துத்தான் படத்தின் பெயரே திரையில் வருகிறது.

என் கட்சி இதுதான். வேலை நடப்பதைக் காட்டும்போதெல்லாம் இந்தப் படம் அபாரம். கூத்தடிப்பதைக் காட்டும்போது கண்ணைக் கவர்கிறது, மனதில் நிற்கவில்லை. சினிமா மகத்தானது என்று வாய்விட்டுச் சொல்லத் தொடங்கியதும் தாங்க முடியவில்லை. அளவு மீறியதற்காக இந்தப் படத்தைத் திட்டுகிறார்கள். அளவு மீற வேண்டிய இடம் எது என்று அதற்குத் தெரியவில்லை என்பதுதான் என் குறை.

உதாரணத்துக்கு, விருந்துக்கு மறுநாள் பாலைவனத்தில் நடக்கும் படப்பிடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தடிக்கு ஒரு செட், ஒவ்வொன்றிலும் ஒரு படம். ஒருவர் சத்தம் இன்னொருவரைத் தொந்தரவு செய்யாது, ஏனென்றால் எதுவும் பதிவாகப்போவதில்லை. போர்க்காட்சியில் கேமராக்கள் எல்லாம் உடைந்துபோகின்றன. சூரியன் சாய்வதற்குள் இன்னொரு கேமராவைக் கொண்டுவர மேனி நகரத்துக்கு ஓடுகிறான். அதே நேரத்தில், பக்கத்து செட்டில் நெல்லி கேட்டவுடன் அழுகிறாள். கண்ணீரைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் குறைத்துக்கொள்கிறாள். அந்தப் பகுதியில் ஒரு சொல்கூட சினிமாவைப் புகழவில்லை. சினிமாவை நேசிக்க வைத்துவிடுகிறது.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இடைவேளை

யானை, வாந்தி, பாம்பு, நிலத்தடியில் எலி தின்னும் மனிதன். அருவருப்பைத் துணிச்சல் என்று நம்பும் இயக்குநர்களில் இவரும் சேர்ந்துவிட்டார். ‘விப்லாஷ்’ எடுத்தவரா இவர் என்று இருந்தது. அந்தப் படம் 107 நிமிடம்தான். இதில் கால்வாசி நேரம் பார்வையாளரைத் தண்டிப்பதற்காகவே எடுத்தது போலிருக்கிறது.

வெட்டும் ஒட்டும்

இழையைத் தொடங்கிய நண்பருடன் பாதிதான் ஒத்துப்போகிறேன். விருந்து அவ்வளவு கூச்சலாக இல்லாவிட்டால் பின்னால் வரும் ஒலிப்பதிவுக் காட்சிக்குப் பலமே இருக்காது.

அந்தக் காட்சியைத் தொகுப்பாளன் கண்ணோடு பாருங்கள். நெல்லியின் முதல் பேசும்படம். அவள் உள்ளே வர வேண்டும், தரையில் போட்ட அடையாளத்தில் சரியாக நிற்க வேண்டும், ஒரு வரி சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதலில் குரல் ஓங்கிவிட்டதால் ஒலிப்பதிவாளர் அலறுகிறார். அடுத்து அடையாளம் தவறுகிறது. அடுத்து வரி பிசகுகிறது. அடுத்து எங்கிருந்தோ ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் அதே மணி, அதே சிவப்பு விளக்கு, அதே கதவு, அதே நடை. படத்தொகுப்பாளர் டாம் கிராஸ் இந்த ஒழுங்கை மாற்றாமல் ஒவ்வொரு சுற்றிலும் சில துண்டுகளை மட்டும் உருவிக்கொண்டே போகிறார். நமக்கு மூச்சு முட்டுகிறது. உதவி இயக்குநர் வெறிபிடித்துக் கத்துகிறார். கடைசியில் டேக் சரியாக அமைந்து எல்லோரும் குதிக்கும்போது, கேமராவோடு கூண்டுக்குள் அடைபட்டிருந்த ஒளிப்பதிவாளர் வெப்பத்தில் செத்துக் கிடக்கிறார்.

முதல் அரை மணி நேரம் நூறு பேர் ஆடிய ஆட்டத்துக்குப் பிறகு, இருமுவதற்குக்கூட உரிமையில்லாத ஒரு அறை. அந்த எதிர்நிலைக்காகத்தான் யானை. நீளத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஒலிக்கூடம்

சத்தத்தோடு வேலை பார்ப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் நுழைகிறேன். அந்தக் காட்சியில் நகைச்சுவைக்காக ஊதிப் பெருக்கியது இருக்கிறது. ஆனால் அடிப்படை அத்தனையும் உண்மை.

கேமராவின் இயந்திரம் கடகடவென்று சத்தம் போடும். ஊமைப்படத்தில் அது பிரச்சினையே இல்லை. பேசும்படத்தில் முதல் எதிரியே அதுதான். ஆகவே கேமராவையும் அதை இயக்குபவரையும் சேர்த்து, சத்தம் வெளியே வராத ஒரு கூண்டுக்குள் போட்டு, முன்பக்கம் கண்ணாடி வைத்து மூடினார்கள். உள்ளே காற்று கிடையாது. அதற்கு ஐஸ்பெட்டி என்று பட்டப்பெயர் வைத்தவனின் குறும்பைப் பாராட்ட வேண்டும். டேக் முடிந்ததும் வியர்வையில் நனைந்து வெளியே வந்து மூச்சு வாங்குவார்கள்.

அடுத்தது விளக்குகள். அதுவரை இருந்த கார்பன் ஆர்க் விளக்குகள் இரையும். மைக் அதையும் பிடித்துக்கொள்ளும். எனவே இழை பல்புகளுக்கு மாறினார்கள். அவை சத்தம் போடாது, வெப்பத்தைக் கொட்டும். சத்தம் வரும் என்று காற்றோட்டத்தையும் நிறுத்தியாயிற்று. கதவும் மூடியாயிற்று. கூண்டுக்குள் இருந்தவரின் நிலையை நினைத்துப் பாருங்கள்.

மைக் விஷயம் இன்னும் மோசம். ஓரிடத்தில் கட்டித் தொங்கவிட்ட மைக்குக்குக் கீழேதான் பேச வேண்டும். இரண்டடி நகர்ந்தால் குரல் காணாமல் போய்விடும். பூச்சாடிக்குள்ளும் மேசை விளக்குக்குள்ளும் மைக்கை ஒளித்துவைத்து, நடிகர்கள் அந்தப் பூச்சாடியைப் பார்த்துக் காதல் பேசினார்கள். ஓடியாடிப் பழகிய நடிகர்களை ஆணியடித்து நிறுத்தியது போல் ஆயிற்று. படப்பிடிப்புத் தளத்தில் இயக்குநருக்கு மேல் அதிகாரம் ஒலிப்பதிவாளருக்கு வந்தது. எங்கள் தொழில் வரலாற்றில் அப்படி ஒரு பொற்காலம் அதற்குப் பிறகு வரவேயில்லை என்பதை இங்கே வருத்தத்துடன் பதிவு செய்கிறேன்.

படத்தில் வரும் பெண் இயக்குநர் ரூத் ஆட்லரைக் கவனித்தீர்களா? அவருக்கு முன்மாதிரி டோரதி ஆர்ஸ்னர். 1929இல் பாரமவுண்டுக்காக ‘த வைல்ட் பார்ட்டி’ எடுத்தார். ஊமைப்பட நட்சத்திரம் கிளாரா போவின் முதல் பேசும்படம் அது. மைக்கைப் பார்த்தாலே போவுக்கு நடுக்கம், ஓரிடத்தில் நிற்கவும் தெரியாது. ஆர்ஸ்னர் மைக்கை ஒரு தூண்டில் கழியில் கட்டி, அவர் போகுமிடமெல்லாம் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு போகச் செய்தார் என்று சொல்வார்கள். இன்று எல்லாப் படப்பிடிப்பிலும் பார்க்கும் பூம் கம்பியின் பழைய வடிவம். ஷசெல் இந்தக் காட்சியை நெல்லிக்குக் கொடுத்திருக்கலாம். அவளை அடையாளத்தில் நிற்கவைத்து நொறுக்கினார், அவ்வளவுதான். சிக்கலைக் காட்டியவர் அதைத் தீர்த்த புத்திசாலித்தனத்தைக் காட்டவில்லை.

மூன்றாம் ரீல்

ஒலிக்கூடம் சொன்னதில் என் குறைக்கு இன்னொரு ஆதாரம் கிடைத்துவிட்டது. வேலை செய்யும் மூளையை இன்னும் பத்து நிமிடம் காட்டியிருக்கலாம். அந்தப் பத்து நிமிடம் பாம்புக்குப் போயிற்று.

வெட்டும் ஒட்டும் அவர்களுக்கு: எதிர்நிலை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஒரு முறை. மூன்றாம் மணி நேரத்தில் மறுபடி ஒரு விருந்து, மறுபடி ஒரு வாந்தி, பிறகு டோபி மெக்வயர் வழிகாட்டும் அந்த நிலத்தடி நரகம். அவை எதற்கு எதிர்நிலை?

பழைய தாள்

நரகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. ஆனால் அதற்கு முன், இந்தப் படத்தின் வரலாற்றைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பலர் இதைப் பார்த்துவிட்டு, ‘ஒலி வந்தது, நட்சத்திரங்கள் விழுந்தார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள்.

வார்னர் சகோதரர்களின் ‘த ஜாஸ் சிங்கர்’ 1927 அக்டோபர் 6 அன்று நியூயார்க்கில் வெளியானது. அதற்காகவே உயிரை விட்டு உழைத்த சாம் வார்னர் அதற்கு முந்தின நாள் இறந்துபோனார். சகோதரர்கள் யாரும் வெளியீட்டுக்கு வரவில்லை. அதுவும் முழுப் பேசும்படமல்ல. பெரும்பகுதி எழுத்து அட்டைகளோடு ஓடும், நடுவில் பாட்டும் கொஞ்சம் பேச்சும் வரும். முழுக்கப் பேசிய முதல் நீளப்படம் 1928 ஜூலையில் வந்த ‘லைட்ஸ் ஆஃப் நியூயார்க்’. படமாக அது சுமார்தான், வசூலோ கொட்டியது.

உண்மையான திருப்பம் 1928 மே மாதம் கையெழுத்தான ஒப்பந்தங்கள். அதுவரை வேடிக்கை பார்த்த பெரிய ஸ்டுடியோக்கள் ஒலிக்கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் கிளை நிறுவனத்தோடு உரிமம் பேசி முடித்தார்கள். ஒலிக்கூடம் கட்ட வேண்டும், ஆயிரக்கணக்கான திரையரங்குகளில் கருவி பொருத்த வேண்டும். அதற்கெல்லாம் நியூயார்க் வங்கிகளின் பணம் வேண்டும். கடன் கொடுத்தவன் கணக்குக் கேட்பான். பாலைவனத்தில் பத்தடிக்கு ஒரு செட் போட்ட காலத்தை முடித்தது அந்தக் கணக்குப் புத்தகம்தான். படத்தில் மேனி நியூயார்க்கில் ‘த ஜாஸ் சிங்கர்’ பார்த்துவிட்டு, எல்லாம் மாறப்போகிறது என்று ஜாக்குக்கு தொலைபேசியில் சொல்கிறான். எப்படி மாறியது என்று படம் சொல்லவேயில்லை. 189 நிமிடத்தில் ஒரு வங்கிக்காரர்கூட இல்லை.

ஜாக் கான்ராட் என்பது பெரும்பாலும் ஊமைப்படக் காதல் நாயகன் ஜான் கில்பர்ட். திரையரங்கில் ஒளிந்து நின்று தன் காதல் வசனத்துக்கு மக்கள் சிரிப்பதை ஜாக் பார்க்கும் காட்சி, 1929இல் வந்த ‘ஹிஸ் குளோரியஸ் நைட்’ படத்தின் கதை. கில்பர்ட்டின் குரல் கீச்சுக்குரல் என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். பொய். அவரது பேசும்படங்கள் கிடைக்கின்றன, கேட்டுப் பாருங்கள். சாதாரணமான, நல்ல ஆண்குரல். சிரிப்பு வந்தது வசனத்தால். எழுத்து அட்டையில் ஒருமுறை படித்து, மீதியை மனத்தில் கற்பனை செய்துகொண்ட காதல் மொழியை ஒருவர் வாய்விட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். ஒரு படத்துக்கு 2,50,000 டாலர் என்ற ஒப்பந்தம் கையில் இருந்ததால் எம்ஜிஎம் ஸ்டுடியோவால் அவரை உடனே அனுப்பவும் முடியவில்லை. 1933இல் நட்சத்திர நடிகை கிரெட்டா கார்போ பிடிவாதம் பிடித்து ‘குயீன் கிறிஸ்டினா’வில் அவரைச் சேர்த்துக்கொண்டார். கில்பர்ட் 1936இல் 38 வயதில் இதயம் நின்று இறந்தார், குடி ஏற்கெனவே உடலை அரித்திருந்தது. ஷசெல் ஜாக் கையில் துப்பாக்கியைக் கொடுத்துத் தற்கொலை செய்துகொள்ள வைத்தார். உண்மையில் அது மெதுவாக, அசிங்கமாக நடந்தது.

அந்த இடத்தில் படம் நேர்மையாக இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஜாக்கின் குரலில் குறை இருப்பதாகப் படம் காட்டவில்லை. பத்திரிகையாளர் எலினோரிடம் போய் ஏன் சிரித்தார்கள் என்று ஜாக் கேட்கிறான். காரணம் எதுவும் இல்லை, உன் காலம் முடிந்தது என்கிறாள் அவள். ஜீன் ஸ்மார்ட் நடித்த அந்த ஒரு காட்சி போதும், முடிவில் வரும் சினிமா வரலாற்றுப் படக்கோவை தேவையே இல்லை.

பால்கனி டிக்கெட்

அப்படியானால் உச்சரிப்பால் விழுந்தவர்கள் யாரும் இல்லையா?

பழைய தாள்

இருந்தார்கள். எமில் யானிங்ஸ் முதல் ஆஸ்கர் விழாவின் சிறந்த நடிகர். ஆங்கிலம் ஒத்துவரவில்லை, ஜெர்மனிக்குத் திரும்பினார். ஹங்கேரியிலிருந்து வந்த வில்மா பாங்கிக்கும் அதே கதி. ஆனால் அதே வெளிநாட்டு உச்சரிப்பை வைத்து கார்போவின் முதல் பேசும்படத்தை எம்ஜிஎம் திருவிழாவாக விற்றது. ‘கார்போ பேசுகிறார்’ என்பதே விளம்பரம். மெக்சிகோவில் பிறந்த ரமோன் நவாரோ பாடி ஒப்பேற்றினார். கிளாரா போவின் புரூக்லின் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள், ‘த வைல்ட் பார்ட்டி’ நன்றாகவே ஓடியது. அவரை வீழ்த்தியதில் அவதூறுப் பத்திரிகைகளுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் மைக்கைவிடப் பெரிய பங்கு. சாப்ளின் 1931இல்கூட ‘சிட்டி லைட்ஸ்’ படத்தைப் பேச்சில்லாமல் எடுத்து ஜெயித்தார். மைக் ஒரு சல்லடை என்றால், எந்தத் துளை எவ்வளவு பெரிது என்பதை ஸ்டுடியோக்கள்தான் முடிவு செய்தன.

கார்பன் ஆர்க்

வணக்கம். டூரிங் கொட்டகையிலும் பிறகு நகரத் திரையரங்கிலும் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். படத்தைப் பேரன் கணினியில் போட்டுக் காட்டினான். பாதியை ஓட்டித் தள்ளினான், எதற்கென்று எனக்கும் புரிந்தது.

எல்லோரும் படப்பிடிப்பைப் பேசுகிறீர்கள். படம் ஓட்டியவனைப் பற்றி யாரும் பேசவில்லை, ஷசெல்லும் பேசவில்லை. வார்னர்களின் வைட்டஃபோன் முறையில் ஒலி பிலிமில் கிடையாது. 16 அங்குல இசைத்தட்டில் இருக்கும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று. ஒரு ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிடம். ஊசி உள்வட்டத்திலிருந்து வெளியே நோக்கி ஓடும். தட்டில் ஒரு அம்புக்குறி இருக்கும், ஊசியை அங்கே வைக்க வேண்டும். பிலிமில் தொடக்கச் சட்டம் (ஃப்ரேம்) என்று ஒன்று குறித்திருக்கும், அதைப் பிலிம் கதவில் நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே மோட்டாரில் ஓடும். தட்டின் லேபிளில் சிறு கட்டங்கள் அச்சடித்திருப்பார்கள். ஒவ்வொரு முறை ஓட்டியதும் ஒரு கட்டத்தில் குறி போட வேண்டும், 20 முறை ஆனதும் தட்டைக் கழித்துவிட வேண்டும்.

இப்போது பிலிம் அறுந்துபோனால் என்ன செய்வீர்கள்? எங்கள் காலத்தில் கெட்டுப்போன சட்டங்களை வெட்டிவிட்டு ஒட்டிப் போட்டுவிடுவோம், யாருக்கும் தெரியாது. தட்டு முறையில் நான்கு சட்டம் வெட்டினால் நான்கு கறுப்புச் சட்டத்தை அதே இடத்தில் ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் அந்த ரீல் முடியும் வரை உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நாயகி வாயைத் திறக்கும்போது வில்லன் குரல் வரும். ஊசி ஒரு கோடு தாண்டிக் குதித்தாலும் இதே கதை. கொட்டகையே கூச்சல் போடும். அந்த ஆபரேட்டரின் நெஞ்சு அடித்துக்கொள்வதை வைத்து ஒரு காட்சி எடுத்திருந்தால், கேமரா கூண்டுக் காட்சிக்கு இணையாக இருந்திருக்கும்.

அதோடு வேகம். ஊமைப்படத்தில் கைப்பிடியைச் சுழற்றும் கைக்குத் தகுந்த வேகம். 16, 18, 20 என்று எதுவும் வரும். ஓட்டுபவனும் அவசரமென்றால் கூட்டிக்கொள்வான். ஒலி வந்ததும் விநாடிக்கு 24 சட்டம் என்று பூட்டிவிட்டார்கள். குரல் ஏற்ற இறக்கம் கேட்காமல் இருக்க வேண்டுமே. கடைசி நாள் வரை நான் ஓட்டியதும் அந்த 24தான்.

வெட்டும் ஒட்டும்

கார்பன் ஆர்க் ஐயா, இதற்காகவே இந்த இழையைத் தொடங்கியிருக்க வேண்டும். உங்கள் பதிவோடு ஒன்று சேர்க்கிறேன். தட்டில் பதிந்த ஒலியை வெட்டித் தொகுக்க வழியில்லை. ஆகவே ஒரு காட்சியை முழு நீளத்துக்கு ஒரே மூச்சில் எடுத்தார்கள். பல கூண்டுகளில் பல கேமராக்களை நிறுத்தி, தூரக்காட்சியும் அண்மைக்காட்சியும் ஒரே நேரத்தில் பதிவாகும்படி செய்தார்கள். பிறகு எந்தக் கேமராவுக்கு எப்போது தாவுவது என்பது மட்டும்தான் தொகுப்பாளனுக்கு மிச்சம். ஊமைப்படத்தின் கடைசி ஆண்டுகளில் கேமரா பறந்தது, இயக்குநர் முர்னாவின் ‘சன்ரைஸ்’ பாருங்கள். அடுத்த ஆண்டே அது பெட்டிக்குள் உட்கார்ந்துவிட்டது. பிலிமிலேயே ஒலியைப் பதியும் முறை வென்று, 1930களின் தொடக்கத்தில் கேமராவுக்கு மட்டும் உறை போட்டு ஆளை வெளியே விட்ட பிறகுதான் மறுபடி நகர ஆரம்பித்தது.

இடைவேளை

இவ்வளவு நல்ல விஷயம் இருந்தும் ஷசெல் அந்த நிலத்தடியில் முதலையைக் காட்டியிருக்கிறாரே என்பதுதான் என் ஆத்திரம்.

பால்கனி டிக்கெட்

சிட்னி பால்மரைப் பற்றி யாரும் எழுதவில்லையே. எனக்குப் படத்தில் மிகவும் வலித்த காட்சி அதுதான். விளக்கு வெளிச்சத்தில் அவரது தோல் மற்ற கலைஞர்களின் தோலைவிட வெளுப்பாகத் தெரிகிறதாம். வெள்ளையரும் கறுப்பரும் கலந்த குழு என்று நினைத்துத் தெற்கு மாநிலங்களில் படத்தைப் போட மாட்டார்களாம். ஒரு கறுப்பினக் கலைஞரிடம், தக்கையைக் கரித்த மையை முகத்தில் பூசிக்கொள்ளச் சொல்கிறார்கள். சொல்வது மேனி. தன்னை ஸ்பெயின்காரன் என்று சொல்லிக்கொண்டு மேலே வந்தவன். சிட்னி பூசிக்கொள்கிறார், வாசிக்கிறார், டேக் முடிந்ததும் ஸ்டுடியோவை விட்டுப் போய்விடுகிறார். திரும்பி வருவதில்லை. ஜோவன் ஆடேப்போ முகத்தில் ஒரு தசைகூட அதிகமாக அசையவில்லை.

இங்கே கூச்சலும் இல்லை, அருவருப்பும் இல்லை.

மூன்றாம் ரீல்

இதைத்தான் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்! அதுவும் வேலை நடக்கும் காட்சி. விளக்கு, தோல், பிலிம், விநியோகம் என்று நான்கும் ஒரு மனிதனின் முகத்தில் வந்து முட்டுகின்றன. ‘த ஜாஸ் சிங்கர்’ படத்தில் அல் ஜால்சன் கறுப்பு மை பூசிக்கொண்டு பாடியதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் குத்தும். பேசும்படம் பிறந்ததே அந்த மையோடுதான்.

ஒலிக்கூடம்

சிட்னிக்கு ஒலி முதலில் வரமாக வருகிறது, பிறகு அவமானமாகிறது. படம் அதைச் சரியாகப் பிடித்திருக்கிறது. ஆனால் இன்னொரு பக்கத்தை விட்டுவிட்டது. ஊமைப்படம் ஓடிய திரையரங்குகளில் பியானோவோ, ஆர்கனோ, முழு வாத்தியக்குழுவோ இருந்தது. பெரிய அரங்குகளில் ஐம்பது அறுபது பேர்கூட உட்கார்ந்து வாசித்தார்கள். பேசும்படம் வந்த சில ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதும் ஆயிரக்கணக்கான கலைஞர்களுக்கு வேலை போயிற்று. அவர்களது சங்கம் டப்பாவில் அடைத்த இசை வேண்டாம் என்று பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்துப் போராடியது. இயந்திர மனிதன் இசைக்கருவியை வாசிப்பது போலப் படம் போட்டார்கள். அதே சமயத்தில் 1929இன் பொருளாதார வீழ்ச்சி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

படப்பிடிப்பிலும் நடிகர்களுக்கு உணர்ச்சி வர வயலின் வாசிப்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் வேலையும் போயிற்று. இசையை வைத்தே தன் பெரும்பாலான படங்களைக் கட்டிய இயக்குநருக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று?

பால்கனி டிக்கெட்

நம் பக்கம் 1931இல் ‘காளிதாஸ்’ வந்தபோது நாயகி டி. பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசினாராம். யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை. ஹாலிவுட்காரர்கள்தான் உச்சரிப்புக்கு அலட்டிக்கொண்டார்கள் போலிருக்கிறது.

பழைய தாள்

ஹாலிவுட்டும் மொழியைப் பற்றி அலட்டிக்கொள்ளாத ஒரு காலம் உண்டு, ‘பாபிலோன்’ தவறவிட்ட நல்ல கதை அது. ஊமைப்படத்தை உலகம் முழுவதும் விற்கலாம், அட்டையை மட்டும் மாற்றினால் போதும். பேசும்படத்தை அப்படி விற்க முடியாது. பின்னணிக் குரல் சேர்க்கும் நுட்பம் இன்னும் பழுக்கவில்லை. ஆகவே ஒரே கதையை ஒரே செட்டில் பல மொழிகளில் எடுத்தார்கள். பாரமவுண்ட் இதற்காகவே பாரிஸுக்குப் பக்கத்தில் ஷுவான்வில்லில் ஸ்டுடியோ நடத்தியது. லாரல்-ஹார்டி இருவரும் ஸ்பானிஷ் வசனத்தை ஒலிப்படி எழுதிவைத்துப் பார்த்துப் பேசினார்கள். 1931 ‘டிராக்குலா’வைப் பகலில் ஆங்கிலக் குழுவும், இரவில் அதே செட்டில் ஸ்பானிஷ் குழுவும் எடுத்தன. ஸ்பானிஷ் வடிவத்தின் இயக்குநர் ஜார்ஜ் மெல்ஃபோர்டுக்கு ஸ்பானிஷ் தெரியாது!

மேனி என்ற மெக்சிகோக்காரன் ஸ்டுடியோ அதிகாரியாக இருக்கும் கதையில் இந்த இரவுப் படப்பிடிப்புகள் இல்லாதது பெரிய இழப்பு. ஸ்பெயின்காரன் என்று பொய் சொல்லித் திரிபவனை, ஸ்பானிஷ் தேவைப்படும் ஒரு நாளில் நிறுத்திப் பார்த்திருக்கலாம்.

லேடி ஃபே சூவும் அப்படித்தான். அவர் அன்னா மே வாங்கின் சாயல். படம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பிவிட்டு மறந்துவிடுகிறது. உண்மையான வாங் ஐரோப்பாவில்தான் கொடிகட்டிப் பறந்தார். லண்டனில் ‘பிக்கடில்லி’ நடித்தார். தன் முதல் பேசும்படத்தின் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்கள் மூன்றிலும் அவரே பேசி நடித்தார்.

கடைசி வரிசை

முடிவைப் பற்றி யாராவது பேசுங்கள். 1952இல் மேனி திரையரங்கில் உட்கார்ந்து ‘சிங்கிங் இன் த ரெய்ன்’ பார்க்கிறான். தான் வாழ்ந்து கெட்டதெல்லாம் வண்ணத்தில் நகைச்சுவையாக ஓடுகிறது. அழுகிறான். அங்கே நானும் அழுதேன். அடுத்து ‘அவதார்’ வரை துண்டுத் துண்டாக சினிமா வரலாறு. கண்ணீர் காய்ந்துவிட்டது.

வெட்டும் ஒட்டும்

எனக்குப் பிடித்திருந்தது. அத்தனை பேரின் உயிரையும் மானத்தையும் தின்று வந்தது இதுதான், எடுத்துக்கொள் என்று முகத்தில் வீசுகிறார். அதில் கசப்பும் இருக்கிறது.

மூன்றாம் ரீல்

கசப்பு உங்கள் மனத்தில் இருக்கிறது, திரையில் இல்லை. திரையில் இருப்பது ஒரு விருது விழாவின் நினைவஞ்சலிப் படக்கோவை.

பழைய தாள்

அந்த 1952 படத்தில் ஒரு சங்கதி. குரல் சரியில்லாத நட்சத்திரமாக ஜீன் ஹேகன் நடித்தார். அவருக்கு மறைந்திருந்து குரல் கொடுப்பவராக டெபி ரெனால்ட்ஸ். ரெனால்ட்ஸ் வசனத்துக்குக் குரல் கொடுப்பதாக நாம் பார்க்கும் காட்சியில் கேட்கும் குரல் உண்மையில் ஜீன் ஹேகனுடையதே. அதே படத்தில் ரெனால்ட்ஸ் பாடுவதாக வரும் ஒரு பாட்டை இன்னொரு பெண் பாடினார். குரல் திருட்டைக் கண்டிக்கும் படமே இப்படி.

நரகத்தின் நியாயத்தைச் சொல்வதாகச் சொன்னேன். 1916இல் இயக்குநர் கிரிஃபித் ‘இன்டாலரன்ஸ்’ படத்துக்காக ஹாலிவுட்டில் பாபிலோன் நகரத்தையே கட்டினார். தூண்களின் உச்சியில் பிரம்மாண்டமான யானைச் சிலைகள். செலவுக்கேற்ற வரவு இல்லை. இடிக்கவும் ஆளில்லாமல் அந்த செட் சில ஆண்டுகள் தெருவோரம் இற்றுக்கொண்டு நின்றது. ஷசெல்லின் படம் யானையில் தொடங்கி நிலத்தடியில் முடிவதை நான் அந்த நிழலில் பார்க்கிறேன். மேலே தூண், கீழே அழுகல். காட்சி நீளம்தான், காரணமில்லாமல் இல்லை.

இடைவேளை

யானைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதலைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

இவ்வளவு பேசியபின் மறுபடி பார்க்கலாம் என்று தோன்றுகிறது, முழுவதும் முடியாது. எந்தப் பகுதியை மட்டும் பார்ப்பது?

வெட்டும் ஒட்டும்

விருந்து முடிந்து விடிவதிலிருந்து ஆரம்பியுங்கள். பாலைவனப் படப்பிடிப்பு, மேனியின் நியூயார்க் தொலைபேசி, கேமரா கூண்டு வரை விடாமல் பாருங்கள். பாம்பு வரும்போது காபி போடப் போய்விடலாம். மழைக்கோட்டு போட்ட நட்சத்திரங்கள் வரிசையாக நின்று பாடும் இடத்துக்குள் திரும்பி வந்துவிடுங்கள், அது எம்ஜிஎம் 1929இல் எடுத்த ‘ஹாலிவுட் ரெவ்யூ’வின் நகல். பிறகு ஜாக்கும் எலினோரும், சிட்னியின் மை. டோபி மெக்வயரின் முகம் தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கார்பன் ஆர்க்

சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பாருங்கள். கூண்டுக் காட்சியில் டேக் தொடங்குமுன் மோட்டார் வேகம் பிடிக்கும் ஓசை ஒன்று வரும், பேரனின் கணினியில் எனக்கு அது சரியாகக் கேட்கவில்லை.